நீலம் 27-க்கு ஒரு பெயர் உண்டு

(குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்)

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற வாரம் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நூலகத்திலிருந்து ஐந்து நாவல்களை எடுத்துவிட்டீர்கள். நான் நடத்திவந்த சனிக்கிழமை வாசிப்பு வட்டம் மறு அறிவிப்பு வரும்வரை நடக்காது. காரணம் மூன்று வரியில் இருக்கிறது: இந்தப் புத்தகங்கள் எதிர்மறை எண்ணங்களை வளர்க்கின்றன, இவை மேலைநாட்டுச் சிந்தனைகள், நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாதவை, அமைதியும் ஒழுங்கும் நிறைந்த நம் வளாகத்தில் தேவையில்லாத குழப்பத்தை உண்டாக்குகின்றன. கீழே 'நிர்வாகம்' என்று ஒரே ஒரு சொல். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். அனுப்புநர் பெயர் இல்லாத உறை கையில் வந்தால் இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை விரைவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே மட்டும் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டேன். போட்டால் இதில் வருகிற பெண்பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் பள்ளி திறந்தபோது பிள்ளைகளின் பேட்ஜை மாற்றினீர்கள். முன்பு அதில் பெயரும் வகுப்பும் இருந்தன. இப்போது அணியின் நிறம், ஒரு எண், சதுரமாக ஒரு க்யூஆர் கோடு. வருகைப்பதிவு, நூலகம், சாப்பாட்டுக்கூடம், நடத்தைப் புள்ளி எல்லாம் அந்தச் சதுரத்துக்குள். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜூலை முடிவதற்குள் வகுப்பில் "நீலம் 27, எழுந்திரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நூலகத்தில் என் காதாலேயே கேட்டேன். கூப்பிட்ட ஆசிரியை நல்லவர்தான், பிள்ளைகள் மேல் பிரியமுள்ளவர். கண்ணுக்கு நேரே எண் இருந்தால் வாயில் எண்தான் வரும்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பேட்ஜின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 'ஓ-90' என்று எழுதிக்கொண்டு காலை வழிபாட்டுக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். கலகம் அவ்வளவுதான். அவள் டைரியில் சிவப்பு மையில் 'ஒழுங்கீனம்' என்று ஒரு குறிப்பு விழுந்தது, பதினைந்து நடத்தைப் புள்ளி போனது. அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்து புத்தகங்களும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன.

ஓ-90 யார் என்று விசாரித்தீர்களா? யெவ்கேனி ஸம்யாத்தின் 1920-21இல் எழுதிய 'நாம்' என்ற நாவலில் வருகிற பெண் அவள். அந்த நாவலை எழுதியவரின் நாட்டிலேயே அச்சேற விடவில்லை. முதலில் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வந்தது. சோவியத் ருஷ்யாவில் அச்சாக 1988 ஆனது. அதில் வருகிற தேசத்தில் பசி இல்லை, வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை. வீட்டுச் சுவர்கள் கண்ணாடி. எல்லோரும் ஒரே நிமிடத்தில் எழுந்து, ஒரே நிமிடத்தில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவார்கள். ஒரு வாய் உணவை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்று சட்டம். (இதைப் படித்த அன்று பிள்ளைகள் ஆளுக்கொரு வர்க்கி பிஸ்கட்டை வாயில் போட்டு எண்ணிப் பார்த்தார்கள். இருபதைத் தாண்டுவதற்குள் வர்க்கி கரைந்துவிட்டது.) அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். கதையைச் சொல்கிறவன் டி-503. அவனுக்கு அதில் குறையே தெரியாது, பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு போவான். கடைசியில் கற்பனையை வெட்டி எடுக்க ஓர் அறுவை சிகிச்சை வருகிறது. அது முடிந்ததும் அவனுக்குத் தலைவலி தீர்ந்த மாதிரி நிம்மதியாக இருக்கிறது.

இதை மேலைநாட்டுச் சிந்தனை என்கிறீர்கள். சரி. நான் என் கதையைச் சொல்கிறேன், இது எந்த நாட்டுச் சிந்தனை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் அப்பாயி இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். அந்தத் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போய், சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்து, சாயங்காலம் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற பதிவேட்டில் குறித்துக்கொண்டால் அன்றைக்கு ஒரு பேர். எடை குறைந்தால் அரைப்பேர். லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, வந்து கூடையை இறக்கும்போதே, "இன்னைக்கு அரைப்பேருதான்டா" என்பார். அவர் பெயரில் எந்தப் பாதியை வெட்டினார்கள், முன் பாதியையா பின் பாதியையா என்று நான் சின்ன வயதில் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

அப்புறம் 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள், 1974இல் அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 1971இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் பூட்டி வைத்திருக்கிற இன்னொரு புத்தகம், லோயிஸ் லோரி 1993இல் எழுதிய 'தி கிவர்'. அதில் ஜோனஸ் என்ற பையனுக்குப் பன்னிரண்டு வயதில் விழா எடுத்து, நீ இந்த வேலைக்கு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அந்த இடத்தை வட்டத்தில் படித்தபோது, "எனக்குப் பன்னிரண்டு வயசுல நாட்டையே ஒதுக்கினாங்க" என்று சொன்னேன். பிள்ளைகள் அன்றைக்குத்தான் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி முதல் தடவையாகக் கேட்டார்கள். அவர்களில் மூன்று பேர் எங்களைப் போலத் தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்.

அந்தப் புத்தகத்தை நாங்கள் படித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்மறை எண்ணம் என்ற உங்கள் சொல்லுக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம். தகரக் கூரையில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, சத்தமாகப் படித்தால்தான் காதில் விழும். பதினான்கு பேர் இருந்தார்கள். 'தி கிவர்' காட்டுகிற ஊரில் போர் இல்லை, திருட்டு இல்லை, வலி இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். நிறங்களே இல்லை. பனியும் வெயிலும் இல்லை. சரக்கு வண்டிகளுக்கு ஏற்ற இறக்கம் தொந்தரவு என்று மலைகளையும் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் ஒரு பையன், "சார், அப்போ கோத்தகிரியை எங்கே வைப்பாங்க?" என்றான். கொஞ்ச நேரம் படிக்கவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

புத்தகத்தின் பாதியில் நிறுத்தி, இந்த ஊரில் குடியிருக்க யாருக்கெல்லாம் சம்மதம் என்று கேட்டேன். ஒன்பது கைகள் உயர்ந்தன. நான் எதிர்பார்க்கவே இல்லை. கை தூக்கியவர்களில் விடுதிப் பையன் ஒருவன் சொன்ன காரணத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஊரில் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து, இன்றைக்கு மனசில் என்ன இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அது விதி. "எங்க அப்பா துபாய்ல இருக்கார் சார். வாரத்துல ஒரு கால், அதுலயும் மார்க் எவ்வளவுன்னுதான் கேட்பார். அங்க அப்பா தினமும் கேட்கிறார்ல?" என்றான். அவனை யாரும் மறுக்கவில்லை. எனக்கும் பதில் இல்லை.

இரண்டு சனிக்கிழமை கழித்து அந்த இடத்துக்கு வந்தோம். ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிக்கிறவர், சாது. இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அவர் இரண்டையும் எடை பார்க்கிறார். எடை குறைந்த குழந்தையிடம் கொஞ்சுகிற குரலில் பேசிக்கொண்டே ஊசி போடுகிறார். குழந்தை அடங்குகிறது. பெட்டியில் வைத்துச் சுவரில் இருக்கிற திறப்பு வழியாகத் தள்ளிவிட்டு, போய் வா என்று கை அசைக்கிறார். (கதையைச் சொல்லிவிட்டேன், படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். புத்தகம் எப்படியும் உங்கள் பெட்டிக்குள்தான் இருக்கிறது.)

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே விடுதிப் பையன், "அவர் கோபமாவே பேசலையே சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மறுபடி கை தூக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் இருட்டைத் தேடிப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். நான் பார்த்தது வேறு. அந்த மாதம் அந்தப் பையன் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவுக்குக் கடிதம் எழுதினான், தபால்தலை எங்கே ஒட்டுவது என்று என்னிடம் கேட்டான். வெளிநாட்டுக்கு எவ்வளவு தலை ஒட்ட வேண்டும் என்று நான்தான் எடை போட்டுச் சொன்னேன்.

உங்களை அந்த அப்பாவோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பேட்ஜ் மாற்றுவது எங்கே, அது எங்கே. ஆனால் உங்கள் சுற்றறிக்கை 'மாணவர் நலன் கருதி' என்று தொடங்குகிறது. இந்த ஐந்து புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் எல்லாக் காரியமும் அப்படித்தான் தொடங்குகிறது.

மேலைநாட்டுச் சிந்தனை என்றதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியலில் ஐந்தாவதாக நீங்கள் எழுதியிருப்பது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. விகடனில் தொடராக வந்தபோது உங்கள் குழுவில் இருக்கிற பெரியவர்கள் வாராவாரம் காத்திருந்து படித்திருப்பீர்கள். அந்தக் கதையில் யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது, பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசாங்க அனுமதி வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர் எழுதியது எப்படி மேலைநாட்டுச் சிந்தனை ஆனது? அதைவிடப் பழையதும் இருக்கிறது. கம்பன் நாட்டுப் படலத்தில் கோசலத்தைச் சொல்லும்போது, அங்கே வறுமை இல்லாததால் வண்மை இல்லை, பொய் இல்லாததால் உண்மை என்று தனியாக ஒன்று இல்லை என்கிறான். பெருமையாகத்தான் சொல்கிறான். அதையும் வட்டத்தில் படித்தோம். ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை, "அப்போ அந்த ஊர்ல யாருமே யாருக்கும் எதையும் கொடுத்திருக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டது. இந்தக் கேள்வியை மூடி வைக்க வேண்டுமென்றால் கம்பராமாயணத்தையும் அல்லவா பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

மேலைநாட்டிலும் இப்படிக் குறையில்லாத ஊரைக் கற்பனை செய்வது நேற்று வந்த விஷயமில்லை. தாமஸ் மோர் 1516இல் 'யுட்டோப்பியா' எழுதினார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'இல்லாத இடம்' என்று பொருள், உச்சரித்தால் 'நல்ல இடம்' என்றும் காதில் விழும். அவருடைய தீவில் 54 நகரங்கள். ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் பார்த்த மாதிரிதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அனுமதிக் கடிதம் வேண்டும். இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வரும் உறவினர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ரசிப்பார்கள்.

சென்ற ஆண்டு விழாவில் செயலாளர் அவர்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தேயிலைச் சரிவைக் காட்டி, நம் பிள்ளைகளும் இப்படி ஒரே சீராக, அழகாக வளர வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். வீட்டுக்குப் போகிற பேருந்தில்தான் அந்தப் பேச்சு உறுத்த ஆரம்பித்தது. இடுப்புயரத்தில் நிற்பது தேயிலையின் குணம் இல்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, இடையில் விடாமல் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அது அப்படி நிற்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடையோரம் பழைய எஸ்டேட்டில் தப்பிப்போன செடி ஒன்று இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சளாகக் கொத்து மகரந்தம், பூக்கிற காலத்தில் முழுக்கத் தேனீ. அது தேயிலை என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியவில்லை, ஏதோ காட்டு மரம் என்று நினைத்து விறகுக்கு வெட்ட அரிவாளோடு வந்துவிட்டார். இருபது வருடம் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். இலையைக் கசக்கி மூக்கருகே கொடுத்த பிறகுதான் நம்பினார். தோட்டத்துக்குக் கவாத்து வேண்டும், கொழுந்து விற்றால்தான் அவர்களுக்குச் சோறு. பள்ளி எதைக் கிள்ளி விற்கப்போகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

என் பக்கமும் ஒரு பிழை உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932இல் வந்த பெரிய புத்தகம். ஒரே கருவிலிருந்து 96 பேரை வார்த்தெடுக்கிற தொழிற்சாலையும், கவலை வந்தால் போட்டுக்கொள்கிற சோமா மாத்திரையும் அதில்தான் வருகின்றன. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்காத பக்கங்களும் அதில் இருக்கின்றன. அதைப் பொது அலமாரியில் வைத்தது தப்புதான். பதினோராம் வகுப்புக்கு மேல் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலுக்கும் அப்படி வைப்பதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு பெற்றோர் வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே செய்திருப்பேன்.

புத்தகத்தை யாரும் எரிக்கவில்லையே என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான், அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். ரே பிராட்பரி 1953இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' புத்தகங்களை எரிப்பதைப் பற்றிய நாவல். அதை வெளியிட்ட பதிப்பகமே 1967இல் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு போட்டபோது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று தோன்றிய சொற்களையும் இடங்களையும் சத்தமில்லாமல் வெட்டியும் மாற்றியும் விட்டது. எழுதியவருக்கே 1979இல்தான் தெரிய வந்தது. அவர் கேட்ட பிறகு பழையபடி அச்சிட்டார்கள். அங்கேயும் தீக்குச்சி உரசியவர் யாரும் இல்லை.

இனி, நான் கேட்பது இவைதான்.

அந்தப் பெண்ணின் டைரியில் இருக்கிற 'ஒழுங்கீனம்' என்ற குறிப்பை நீக்குங்கள், கழித்த பதினைந்து புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். மற்ற எதைச் செய்ய எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும் சரி, இதை இந்த வாரமே செய்யுங்கள். படித்ததை அவள் தன் சட்டையில் பொருத்திப் பார்த்தாள், பள்ளிக்கூடம் இருப்பதே அதற்குத்தான்.

பேட்ஜில் பெயரைத் திரும்பப் போடுங்கள். க்யூஆர் கோடும் எண்ணும் பின்பக்கம் இருக்கட்டும், இயந்திரத்துக்கு அது போதும். வகுப்பில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ஐந்து புத்தகங்களையும் அலமாரிக்குக் கொண்டுவாருங்கள். வயதுக் கட்டுப்பாடு வேண்டுமென்று நினைக்கிற புத்தகத்துக்கு எந்த வகுப்பு, ஏன் என்று எழுதுங்கள். அதை முடிவு செய்கிற கூட்டத்தில் நூலகரும் பெற்றோர் இருவரும் வட்டத்திலிருந்து இரண்டு மாணவர்களும் உட்கார வேண்டும். முடிவின் கீழே அதை எடுத்தவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணி வாசிப்பு வட்டத்தைத் திரும்ப நடத்த அனுமதியுங்கள். நான்தான் நடத்த வேண்டும் என்று இல்லை. என் மேல் நம்பிக்கை இல்லையென்றால் வேறொருவரை வையுங்கள், நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெட்டியில் இருக்கிற 'தி கிவர்' பிரதிகளில் இரண்டு என்னுடையவை, உள் அட்டையில் என் கையெழுத்து இருக்கும். மற்றதற்கெல்லாம் கூட்டம் போட்டு முடிவு செய்ய நாளாகும் என்றால் அவற்றையாவது முதலில் கொடுத்துவிடுங்கள். பக்க ஓரங்களில் பிள்ளைகள் பென்சிலால் நிறைய எழுதியிருக்கிறார்கள், சிலர் கீழே பெயரும் போட்டிருக்கிறார்கள். புத்தகத்தைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று அலுவலகத்தில் யாராவது ரப்பரை எடுத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தை நடத்தியவன்
கோத்தகிரி